சாப்பாட்டுக்குப் பின் ஒரு செபமாலை நடை

71 வயதான பங்குத்தந்தை ஒருவர் கேட்டிருந்தார். பல வருடமாகச் சர்க்கரை நோய், மாத்திரை எடுத்துக்கொள்கிறார். “தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொல்கிறார் மருத்துவர். விடிந்தால் திருப்பலி, அப்புறம் படுக்கையில் இருப்பவர்களுக்கு நற்கருணை கொண்டுபோவது. நடுவில் ஒரு அடக்கம் வந்துவிட்டால் அன்றைய திட்டமே போச்சு. அதனால் சாப்பிட்டதும் கோயிலைச் சுற்றி, ஒரு செபமாலை முடியும்வரை நடக்கிறேன். அன்றைக்கு மீட்டரில் 160க்குள் நிற்கிறது. சனிக்கிழமை சாப்பிட்ட கையோடு பாவசங்கீர்த்தனம் கேட்க உட்கார்ந்துவிட்டால், அதே சாப்பாடுதான், 220 காட்டுகிறது. இருபது நிமிட நடைக்கு இவ்வளவு வித்தியாசமா, இல்லை மீட்டர் கெட்டுவிட்டதா?”

மீட்டர்கள் கொஞ்சம் முன்னே பின்னே காட்டும்தான். ஆனால் வாராவாரம் ஒரே மாதிரி ஏமாற்றாது. இது உங்கள் கால்கள் செய்கிற வேலை, ஃபாதர்.

ஒரு சின்னக் கணக்கு. நம் உடம்பில் சுமார் ஐந்து லிட்டர் ரத்தம். சர்க்கரை அளவு 100 என்றால் ஒவ்வொரு 100 மில்லிலிட்டரிலும் 100 மில்லிகிராம். பெருக்கிப் பார்த்தால் மொத்த ரத்தத்திலும் சேர்ந்து 5 கிராம், ஒரு டீஸ்பூன் அவ்வளவுதான். மாவுச்சத்துள்ள ஒரு வேளைச் சாப்பாடு இதைப்போல் பத்து மடங்குக்கு மேல் குளுக்கோஸைக் கொண்டுவந்து கொட்டும். அதை ரத்தத்திலிருந்து அகற்றியாக வேண்டும். கல்லீரல் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியில் பெரும்பங்கு போகவேண்டிய இடம் எலும்புத்தசை. அதிலும் நம் உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும்தான் இருக்கின்றன.

இதற்குமேல் வருவதுதான் எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுக்காத பகுதி.

‘இன்சுலின் ஒரு சாவி, அது செல்லின் கதவைத் திறக்கிறது’ என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் எழுதியிருக்கிறேன். அது சரியான உவமை இல்லை. சாவி போட்டுத் திறக்க அங்கே கதவே கிடையாது! குளுக்கோஸ் உள்ளே வரும் கதவு ‘குளுட்-4’ என்ற புரதம். தசைச்செல் ஓய்வாக இருக்கும்போது இந்தக் கதவுகளில் பெரும்பாலானவை செல்லின் சுவரில் இருப்பதில்லை. கழற்றி, சின்னச் சின்னக் கொழுப்புக் குமிழ்களில் பொதிந்து, செல்லுக்குள்ளே அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். இன்சுலின் வந்து வெளியே மணி அடிக்கும். அதற்கென்று சுவரில் இருக்கும் ஏற்பி அதைக் கேட்டு உள்ளே ஒருவரிடம் சொல்ல, அவர் அடுத்தவரிடம் சொல்ல, செய்தி கைமாறிக் கைமாறிக் கடைசியில் குமிழ்களைப் போகவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் காவல்காரப் புரதத்திடம் போய்ச் சேரும். அது பிடியை விட்டதும் குமிழ்கள் நகர்ந்துவந்து சுவரோடு சுவராகக் கலக்கும். குமிழில் இருந்த கதவு இப்போது சுவரில் இருக்கும், குளுக்கோஸ் உள்ளே இறங்கும். வேலை முடிந்தால் கதவுகளைத் திரும்ப உள்ளே எடுத்துவைத்துவிடும்.

இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் எங்கே கோளாறு? கதவுகள் உள்ளே இருக்கின்றன. மணியும் அடிக்கிறது, பல வருடம் வழக்கத்தைவிடச் சத்தமாகவே அடிக்கிறது. செய்தி கைமாறுகிற இடத்தில்தான் சிக்கல். காதில் விழுந்தும் எழுந்திருக்காத ஆட்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.

நீங்கள் நடக்கிறபோது தசை அந்த மணிக்குக் காத்திருப்பதில்லை. ஒவ்வொரு சுருக்கத்துக்கும் தசைநாருக்குள் கால்சியம் பாய்கிறது. எரிபொருள் குறையக் குறைய ‘ஏஎம்பிகே’ என்ற நொதி விழித்துக்கொள்கிறது. இழுபடுவதையே ஒரு செய்தியாகத் தசை எடுத்துக்கொள்கிறது. இவற்றில் எது முக்கியம் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டைதான். ஏஎம்பிகே வேலைசெய்யாத எலிகளும் ஓடும்போது குளுக்கோஸை எடுத்துக்கொண்டு எல்லோரையும் குழப்பின. ஆனால் ஒரு விஷயத்தில் சண்டை இல்லை: இந்த வழி இன்சுலினின் பழுதான இடத்தைச் சுற்றிக்கொண்டு, கதவுகளை நேரே சுவருக்குக் கொண்டுவந்துவிடுகிறது. சர்க்கரை நோயாளிகளின் தசையிலும் இந்த இரண்டாம் வழி அநேகமாக அப்படியே இருக்கிறது. போதாததற்கு, வேலைசெய்யும் தசைக்கு ரத்த ஓட்டமும் கூடுகிறது. கதவும் அதிகம், கதவருகே வந்து நிற்கும் குளுக்கோஸும் அதிகம்.

பாவசங்கீர்த்தனம் கேட்க உட்காரும்போது இந்த வழி தூங்கிக்கொண்டிருக்கிறது. உங்கள் 160க்கும் 220க்கும் விளக்கம் இதுதான்.

நடந்து முடித்தபிறகும் பலன் கொஞ்சம் தங்கும். அந்தத் தசை ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள்வரை இன்சுலின் சொல்வதைக் கூடுதலாகக் கேட்கிறது. அதற்குமேல் மறந்துவிடும். இரண்டு நாளுக்குமேல் தொடர்ந்து சும்மா இருக்காதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். ஞாயிறு மூன்று திருப்பலி, திங்கள் அசதி என்று விட்டாலும் செவ்வாய் காலையில் எழுந்துவிடுங்கள்.

முக்கால் மணி நேரத்தைத் துண்டு போடலாமா என்ற கேள்விக்கும் விடை இருக்கிறது. 2013இல் அமெரிக்காவில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 60 வயதுக்கு மேற்பட்டவர்களைக் காற்றின் போக்குவரத்தைக்கூட அளக்கும் ஓர் அறையில் தங்கவைத்துச் சோதித்தார்கள். காலையில் ஒரேயடியாக 45 நிமிடம் நடந்ததும், மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பின் பதினைந்து பதினைந்து நிமிடமாக நடந்ததும் முழு நாள் சர்க்கரையை ஏறத்தாழ ஒரே அளவு குறைத்தன. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையைக் குறைப்பதில் துண்டு நடைதான் முந்தியது. ஆய்வில் இருந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 10 பேர்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். புது மாத்திரை ஒன்று என்றால் ஆயிரக்கணக்கானவர்களை வருடக்கணக்கில் பின்தொடரப் பணம் கிடைக்கும். நடைக்கு உற்பத்தியாளர் இல்லை, காப்புரிமை இல்லை, அதனால் கேட்க நாதியில்லை. பொதுப் பணம் போகவேண்டியது இப்படிப்பட்ட ஆய்வுகளுக்குத்தான். போதாக்குறைக்கு, சர்க்கரையை ‘அடியோடு ஒழிக்கும்’ பொடி எதற்கும் எந்தச் சோதனையும் தேவைப்படுவதில்லை. உங்கள் மேசையிலும் யாரோ அன்போடு வைத்துவிட்டுப் போன டப்பா ஒன்று இருக்கும். அன்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நோன்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1953 வரை நள்ளிரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல்தான் பீடம் ஏறவேண்டும். 1964இலிருந்து நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் போதும் என்றானது. இப்போதுள்ள திருச்சபைச் சட்டத்தின்படி முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அந்த ஒரு மணி நேரமும் கட்டாயமில்லை. தவக்கால நோன்புக் கடமையும் 59 வயது நிறைவோடு முடிந்துவிடுகிறது. சில மாத்திரைகளும் இன்சுலினும் வெறும் வயிற்றில் சர்க்கரையைப் பாதாளத்துக்கு இறக்கிவிடும். திருப்பலி நடுவில் கை நடுங்கி, வியர்த்து, எழுத்து மங்கினால் அது பக்திப் பரவசமில்லை ஃபாதர். குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று அங்கிப் பையிலேயே இருக்கட்டும். உங்கள் மாத்திரை அந்த ரகமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தன் உடம்பைக் கவனிப்பது சுயநலமோ என்ற தயக்கமும் உங்கள் எழுத்தில் தெரிந்தது. திருத்தந்தை 11ஆம் பயஸ் இளம் குருவாக இருந்தபோது, 1889இல், ஆல்ப்ஸில் மோன்டே ரோசா சிகரம் ஏறியவர். அவர் மலையேறியதால் திருச்சபைக்கு எந்தக் குறையும் வந்ததாகத் தெரியவில்லை.

வயது ஏற ஏறத் தசை கரைகிறது, அதாவது கதவுகள் வைக்கிற இடமே சுருங்குகிறது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்காருவதை, முழங்கால் ஒத்துக்கொண்டால், வாரத்தில் இரண்டு மூன்று நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் ஆள் வராத இடைவெளி கிடைத்தால் அங்கேயே ஆகும்.

எவ்வளவு வேகம் என்று கேட்டிருந்தீர்கள். மருத்துவர்கள் சொல்லும் அளவுகோல் உங்களுக்காகவே செய்தமாதிரி இருக்கிறது: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. ‘அருள்நிறைந்த மரியே’ திணறாமல் சொல்ல வரவேண்டும். அதையே பாட்டாக இழுக்கப் போனால் மூச்சு வாங்க வேண்டும்.