பிள்ளையின் நிறத்தைச் சொல்லிக் கேலி செய்தால் பாடசாலை என்ன செய்ய வேண்டும்? இங்கிலாந்தின் சமத்துவச் சட்டம்: பெற்றோருக்கான விளக்கம்

ஆரம்பப் பாடசாலையில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் நிறத்தையோ பெயரையோ பேச்சையோ வைத்துக் கேலி செய்தால், கேலி செய்த பிள்ளையின் மீது 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் நேரடியாகப் பாய்வதில்லை. மாணவருக்கும் மாணவருக்கும் இடையில் நடப்பது அதன் எல்லைக்குள் வராது. இதைக் கேட்டதுமே "அப்படியென்றால் இந்தச் சட்டம் எதற்கு?" என்று பல பெற்றோர் கைவிட்டுவிடுகிறார்கள். விஷயம் தெரியவந்த பிறகு பாடசாலை என்ன செய்தது என்பதைத்தான் சட்டம் கேட்கிறது. மற்றச் சண்டைகளைக் கண்டிப்பாக விசாரிக்கும் பாடசாலை, நிறத்தைச் சொல்லித் திட்டியதை மட்டும் "சின்னப் பிள்ளைகள்தானே" என்று தள்ளிவிட்டால், அந்த வேறுபாடே பாரபட்சம் ஆகலாம். அதனால் பாடசாலைக்கு எப்போது, எப்படித் தெரிந்தது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் இருக்க வேண்டும். கீழே சொல்லப்படுபவற்றில் பாதி இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே வரும்.

"இனம்" என்பதில் எவை அடங்கும்?

சட்டத்தின் 9ஆம் பிரிவு நிறம், குடியுரிமை, இன மூலம், தேச மூலம் ஆகியவற்றை "இனம்" என்ற சொல்லுக்குள் கொண்டுவருகிறது. இன மூலம் என்பதை நீதிமன்றங்கள் விரிவாகவே பார்க்கின்றன. தலைப்பாகை கட்டிய சீக்கியச் சிறுவனைச் சேர்க்க மறுத்த ஒரு தனியார் பாடசாலையின் வழக்கில், சீக்கியர் ஓர் இனக்குழுவே என்று 1983இல் அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. பாகிஸ்தானியரை இழிவாகச் சொல்லும் "பாக்கி" என்ற சொல்லால் ஒரு தமிழ்ப் பிள்ளையைத் திட்டினால், பிள்ளை பாகிஸ்தானைச் சேர்ந்ததல்ல என்பதால் அது இனவாதம் இல்லாமல் போய்விடாது. தவறாக நினைத்துக்கொண்டு செய்யும் பாரபட்சமும் பாரபட்சமே.

நம்மவர்கள் மெல்லிய குரலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: சாதி? அதை இனத்தின் ஓர் அம்சமாகச் சட்டத்தில் எழுத வேண்டும் என்று 2013இல் நாடாளுமன்றம் சொன்னது. 2018இல் அரசு அப்படித் தனியாக எழுதப்போவதில்லை என்று அறிவித்தது. ஆனால் 2014இல் வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், சில சந்தர்ப்பங்களில் சாதி இன மூலத்துக்குள் வரலாம் என்று சொல்லியிருக்கிறது. ஆகவே விளையாட்டுத் திடலில் தமிழ்ப் பிள்ளையே இன்னொரு தமிழ்ப் பிள்ளையைச் சாதி சொல்லி ஒதுக்கினாலும் பாடசாலையிடம் சொல்லலாம். அந்தச் சொல்லின் பொருள் ஆசிரியருக்குத் தெரிந்திருக்காது. விளக்கி எழுதுங்கள்.

பாடசாலையின் கடமைகள்

85ஆம் பிரிவின்படி மாணவரைச் சேர்ப்பதிலும், கற்பிக்கும் முறையிலும், வசதிகள் தருவதிலும், வெளியேற்றுவதிலும் பாரபட்சம் காட்டக்கூடாது. பாடத்திட்டத்தின் உள்ளடக்கத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. ஒரு பழைய கதைப் புத்தகத்தில் இழிசொல் இருக்கிறது என்பதற்காக வழக்குப் போட முடியாது. அதை வகுப்பில் வாசித்துவிட்டு ஆசிரியர் உங்கள் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தால், அது கற்பிக்கும் முறை. விலக்கு அங்கே உதவாது. ஆசிரியரோ சாப்பாட்டு மண்டபப் பணியாளரோ செய்தால், வேலைக்கு வைத்தவர் என்ற முறையில் பாடசாலை நிர்வாகமும் பொறுப்பு.

மறைமுகப் பாரபட்சத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. எல்லோருக்கும் ஒரே விதி என்று எழுதியிருக்கும், ஆனால் அடி ஒரு பகுதியினருக்கு மட்டும் விழும். தலைமயிரை வரிசை வரிசையாகப் பின்னக்கூடாது என்ற விதி ஒரு கறுப்பினச் சிறுவனுக்கு இழைத்த மறைமுக இனப் பாரபட்சம் என்று 2011இல் உயர் நீதிமன்றம் சொன்னது. அது இடைநிலைப் பாடசாலை வழக்கு. சட்டம் ஆரம்பப் பாடசாலைக்கும் அதேதான்.

இடைவேளையில் "இங்கே தமிழ் பேசாதே" என்று தடுப்பதையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். பாட நேரத்தில் ஆங்கிலம் மட்டும் என்பதற்குக் காரணம் காட்ட முடியும். திடலில் போலிஷ் பேசும் பிள்ளைகளை விட்டுவிட்டுத் தமிழ் பேசுபவர்களை மட்டும் அடக்கினால், அது நேரடிப் பாரபட்சம்.

வீட்டில் வேறு மொழி பேசுகிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருப்பதாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்று 2014ஆம் ஆண்டின் பிள்ளைகள் மற்றும் குடும்பங்கள் சட்டம், 20ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது. ஆங்கிலம் பழகவில்லை என்பதற்காகப் பிள்ளையை விசேட தேவைப் பட்டியலில் போட்டிருந்தால் இந்தப் பிரிவை எடுத்துக் காட்டுங்கள்.

அடுத்து, சமத்துவச் சட்டத்தின் 149ஆம் பிரிவு. அரச நிதியில் இயங்கும் பாடசாலைகள், கவுன்சிலின் கீழ் வராத அரச பாடசாலைகளான அக்கடமிகள் உட்பட, பாரபட்சத்தை ஒழிப்பதையும் வாய்ப்புகளைச் சமமாக்குவதையும் பிள்ளைகளுக்கிடையே நல்லுறவை வளர்ப்பதையும் மனதில் வைத்தே முடிவுகளை எடுக்க வேண்டும். இது வெறும் பேச்சாகிவிடாமல் இருக்க, இங்கிலாந்தில் இரண்டு விஷயங்களை வெளியிடக் கட்டாயம் உண்டு. சமத்துவம் பற்றிய தகவலை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சமத்துவ இலக்குகளை 4 ஆண்டுக்கு ஒருமுறையாவது எழுத வேண்டும், அவை அளந்து பார்க்கக்கூடியவையாக இருக்க வேண்டும். உங்கள் பாடசாலையின் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். "எல்லோரையும் மதிப்போம்" என்று மட்டும் இருந்தால் அது இலக்கே இல்லை. "இனவாதச் சம்பவம் ஒவ்வொன்றையும் அன்றைக்கே பதிவு செய்வோம், தவணைக்கு ஒருமுறை பாடசாலையை மேற்பார்க்கும் ஆளுநர் சபைக்கு எண்ணிக்கையைக் கொடுப்போம்" என்றால் அளக்க முடியும். கூட்டத்தில் ஒரு பெற்றோர் எழுந்து "இலக்கு எந்த ஆண்டு எழுதியது?" என்று கேட்டாலே பல பாடசாலைகள் அவசரமாகப் புதுப்பித்துவிடும்.

இன்னொரு சின்ன விஷயம், சேர்க்கைப் படிவத்தில் இனப் பிரிவு கேட்கும் கட்டம். அதை வெறுமையாக விட உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் எந்தப் பிரிவுப் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள் என்று பாடசாலை கணக்குப் பார்ப்பது அதை வைத்துத்தான். நிரப்புவதே நல்லது.

நடந்ததும் என்ன எழுதுவது?

ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் 1993இல் தென்கிழக்கு லண்டனில் இனவெறியால் கொலை செய்யப்பட்டார். அந்தக் கொலையைப் பொலிஸ் விசாரித்த விதம் பற்றிய மக்பர்சன் அறிக்கை 1999இல் வெளிவந்தது. பாதிக்கப்பட்டவரோ வேறு யாரோ இனவாதம் என்று கருதும் எந்தச் சம்பவமும் இனவாதச் சம்பவமே என்ற வரையறை அதிலிருந்து வந்தது. பாடசாலைகளைக் கட்டிப்போடும் சட்டமாக அது இல்லாவிட்டாலும், பல பாடசாலைகளின் கொள்கையில் அதுவே இருக்கிறது. அதன் பொருள், நீங்கள் சொன்னால் அந்தப் பெயரிலேயே பதிவு செய்து விசாரிக்க வேண்டும் என்பதுதான். மற்றப் பிள்ளை குற்றவாளி என்று முடிவு கட்டிவிட்டதாக ஆகாது. இதைப் புரியவைத்தால் பல தலைமை ஆசிரியர்களின் தயக்கம் குறையும்.

வாசலில் நின்று வகுப்பு ஆசிரியரிடம் வாயால் சொல்வது முதல் படி, தவறில்லை. அன்றிரவே மின்னஞ்சலும் போய்விட வேண்டும். இப்படி இருந்தால் போதும்:

"செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில், சாப்பாட்டு மண்டபத்தில், பக்கத்தில் இருந்த பிள்ளை என் மகளிடம் 'உன் கை அழுக்கு, என் தட்டைத் தொடாதே' என்று சொல்லியிருக்கிறது. இந்தத் தவணையில் இது மூன்றாவது தடவை. முதல் இரண்டையும் வகுப்பு ஆசிரியரிடம் சொன்ன தேதிகள் கீழே உள்ளன. இதை இனவாதச் சம்பவமாகப் பதிவு செய்யுங்கள். எடுத்த நடவடிக்கையை அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் அறியத் தாருங்கள்."

பிள்ளை சொன்ன சொல்லை அப்படியே போடுங்கள், ஆங்கிலத்தில் சொன்னதை ஆங்கிலத்திலேயே. "மோசமாகத் திட்டினார்கள்" என்று எழுதினால் பதிவில் "நண்பர்களுக்கிடையே மனத்தாங்கல்" என்று ஏறிவிடும், அதன் பிறகு எண்ணிக்கையில் வராது. "மூன்றாவது தடவை" என்ற வரியை விடாதீர்கள், தொடர்ச்சியைக் காட்டுவது அதுதான். "உங்கள் பாடசாலையே இனவாதப் பாடசாலை" என்று மட்டும் முதல் கடிதத்தில் எழுத வேண்டாம். பதில் முழுவதும் அந்த வரிக்கே வரும், பிள்ளைக்கு நடந்தது பின்னால் போய்விடும்.

சந்திப்புக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேளுங்கள். பிள்ளையையே மொழிபெயர்க்க வைப்பது கூடாது. தனக்கு நடந்ததைத் தானே ஆசிரியர் முன் மொழிபெயர்க்கும் பிள்ளை பாதியை விழுங்கிவிடும்.

பாடசாலைகள் சறுக்கும் இடங்கள்

நல்ல விசாரணையில் இரண்டு பிள்ளைகளையும் தனித்தனியே கேட்பார்கள், பார்த்தவர்களையும் கேட்பார்கள், சொன்ன சொல்லைப் பதிவார்கள், இரு வீட்டுக்கும் தெரிவிப்பார்கள், சில வாரம் கழித்துத் திரும்பவும் பார்ப்பார்கள். தவறுவது பெரும்பாலும் ஒரே மாதிரித்தான். அன்றைக்கே இருவரையும் நிறுத்திக் கைகுலுக்க வைத்துவிட்டு முடிந்தது என்பார்கள். அல்லது பாதுகாப்பு என்ற பெயரில் பாதிக்கப்பட்ட பிள்ளையை இடைவேளையில் நூலகத்தில் இருக்கச் சொல்வார்கள். விளையாட்டை இழந்தது யார் என்று பிள்ளைகள் நன்றாகக் கவனிக்கிறார்கள்.

5 வயதுப் பிள்ளை பக்கத்தில் இருப்பவளின் கையைத் தேய்த்துப் பார்த்து "இது கழுவினால் போகுமா?" என்று கேட்டால் அதில் வன்மம் இல்லை. ஆனாலும் பதிவு வேண்டும், தோலின் நிறம் பற்றி அந்த வாரமே வகுப்பில் பேச வேண்டும். 10 வயதுப் பிள்ளை அதே கேள்வியைச் சிரித்துக்கொண்டு கேட்டால் கதை வேறு. இங்கிலாந்தில் குற்றப் பொறுப்பு வயது 10 என்பதால், ஆறாம் ஆண்டில் கடும் மிரட்டல் நடந்தால் பொலிஸ் வரைக்கும் போகலாம். பாடசாலைக்கு வெளியே, வாட்ஸ்அப் குழுவில் நடந்தது என்று கைகழுவவும் முடியாது. 2006ஆம் ஆண்டின் கல்வி மற்றும் மேற்பார்வைச் சட்டம் கவுன்சில் பாடசாலைகளின் தலைமை ஆசிரியருக்கு வெளியே நடப்பதையும் நியாயமான அளவில் ஒழுங்குபடுத்த அதிகாரம் தருகிறது.

மற்றப் பிள்ளைக்கு என்ன தண்டனை என்று உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். தகவல் பாதுகாப்பு விதி அப்படி. அதை மூடிமறைப்பு என்று எடுத்துக்கொள்ளாமல், உங்கள் பிள்ளைக்காக என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும்.

பதில் திருப்தி இல்லையென்றால்

ஒவ்வொரு பாடசாலைக்கும் முறைப்பாட்டு நடைமுறை இருக்க வேண்டும். தலைமை ஆசிரியர், பிறகு இதில் முன்பு சம்பந்தப்படாத ஆளுநர்கள் அடங்கிய குழு என்று அது ஏறும். அக்கடமி என்றால் குழுவில் ஒருவராவது நிர்வாகத்துக்கு வெளியே இருப்பவராக இருக்க வேண்டும். அதற்கும் மேல் கல்வித் திணைக்களம். ஆனால் அது முடிவை மாற்றி எழுதாது, பாடசாலை நடைமுறையைச் சரியாகப் பின்பற்றியதா என்று மட்டும் பார்க்கும். பாடசாலைகளைப் பரிசோதிக்கும் அமைப்பான ஆஃப்ஸ்டெட் தனிப்பட்ட பிணக்குகளைத் தீர்த்து வைக்காது.

இன்னொரு வழி கவுன்டி நீதிமன்றம். இனப் பாரபட்ச வழக்கைச் சம்பவ நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போட வேண்டும். உள் முறைப்பாடு நடக்கிறது என்பதற்காக இந்தக் கணக்கு நிற்பதில்லை. பல குடும்பங்கள் ஆளுநர் குழுவின் பதிலுக்குக் காத்திருந்தே காலத்தைக் கடத்திவிடுகின்றன. நியாயம் என்று கண்டால் நீதிமன்றம் நீட்டிக்கலாம், அதை நம்பி இருக்கக்கூடாது. மன உளைச்சலுக்கும் இழப்பீடு உண்டு. நாலாம் மாதத்திலேயே ஈக்குவாலிட்டி அட்வைசரி அண்ட் சப்போர்ட் சர்விஸ் என்ற இலவச ஆலோசனைச் சேவையிடம் பேசிவிடுங்கள்.

"முறைப்பாடு கொடுத்தால் பிள்ளையைப் பழிவாங்குவார்களோ" என்ற பயத்துக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. பெற்றோர் முறைப்பாடு செய்தார்கள் என்பதற்காகப் பிள்ளையை மோசமாக நடத்துவதை சமத்துவச் சட்டத்தின் 86ஆம் பிரிவு தனியாகத் தடை செய்கிறது. பள்ளி நாடகத்திலிருந்து திடீரென்று பெயர் எடுக்கப்பட்டதா? தேதியோடு குறித்து வையுங்கள்.

கடைசியில் பாடசாலையை மாற்றுவது என்று முடிவெடுத்தால், போகுமுன் பதிவுகளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கவுன்சில் பாடசாலை என்றால் பிள்ளையின் கல்விப் பதிவேட்டை 15 பாடசாலை நாட்களுக்குள் காட்ட வேண்டும். தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கேட்டால், எந்தப் பாடசாலையும் பொதுவாக ஒரு மாதத்துக்குள் கட்டணமின்றித் தர வேண்டும். மற்றப் பிள்ளைகளின் பெயர்களைக் கறுப்பு மையால் அழித்திருப்பார்கள். தேதிகளையும், சம்பவத்துக்கு அவர்கள் வைத்த தலைப்பையும் பாருங்கள்.