கல்வெட்டைக் கழுவுவதற்கு முன்

மதுரையிலிருந்து எந்தத் திசையில் வண்டியை விட்டாலும் ஒரு மணி நேரத்துக்குள் பழைய கல் ஒன்று எதிரே வந்துவிடும். மேலூர்ப் பக்கம் மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு. மேற்கே நாகமலையை ஒட்டிக் கீழக்குயில்குடி, கொங்கர்புளியங்குளம், இன்னும் தள்ளிப் போனால் விக்கிரமங்கலம். இவை பேர் வாங்கியவை. பேர் வாங்காதவை இதைவிட அதிகம்: கண்மாய்க்குள் தண்ணீர் திறந்துவிட நிறுத்திய குமிழிமடைத் தூண், விழுந்த வீரனுக்காக நட்டு ஊர் எல்லையில் பாதி புதைந்துபோன நடுகல், சாலையோரப் புளியமரத்தடியில் சுமைதாங்கி, தமிழ் எண்ணும் ரோமன் எண்ணும் சேர்த்து வெட்டிய வெள்ளைக்காரர் காலத்து மைல்கல். காவலும் கிடையாது, வேலியும் கிடையாது. திருடர்கள் இவற்றை அவ்வளவாகச் சீண்டுவதில்லை. திருவிழாவுக்கு முந்தின வாரம் நல்ல மனசோடு ஒரு வாளித் தண்ணீரும் கம்பி பிரஷும் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள்தான் ஆபத்து.

"இது வறண்ட சீமை, மழையே அத்திபூத்தாற்போல, கல்லுக்கு என்ன ஆகிவிடும்?" என்று கேட்பவர்கள் உண்டு. விஷயம் நேர்மாறு. கருங்கல்லில் துளைகள் மிகக் குறைவு, பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஆனாலும் கல்லிலுள்ள தாது மணிக்கும் மணிக்கும் இடையிலுள்ள மயிரிழை விரிசல்களில் தண்ணீர் ஏறும். ஏறும்போது மண்ணிலுள்ள உப்பையும் கரைத்து எடுத்துக்கொண்டு வரும். நம் வெயிலில் தண்ணீர் மட்டும் ஆவியாகிப் போக, உப்பு கல்லின் தோலுக்கு உள்ளேயே தங்கிப் படிகமாகிறது. படிகம் வளர இடம் வேண்டும், அது மேல்தோலைத் தள்ளுகிறது. மழை கொட்டும் ஊரில் அந்த உப்பு அவ்வப்போது கழுவப்பட்டுப் போய்விடும். காய்ந்த ஊரில் போக வழியில்லாமல் வருஷா வருஷம் சேரும். தார்ப் பாலைவனத்து ஜெய்சால்மர் கோட்டை 1156இல் கட்டத் தொடங்கியது. பாலைவனத்து வெயிலையும் மணற்காற்றையும் எட்டு நூற்றாண்டு தாங்கியது. குழாய்த் தண்ணீர் வந்து, கழிவுநீர் அடித்தளத்தில் இறங்கத் தொடங்கிய பிறகுதான் அதன் சுவர்களுக்குப் பெரிய சோதனை வந்தது. கல் வேறு, ஊர் வேறு, எதிரி அதேதான்.

இதை நம் பக்கத்தில் கண்ணால் பார்க்க வேண்டுமானால், சிமென்ட் மேடை கட்டிய ஏதாவது ஒரு நடுகல்லின் முன்னால் உட்கார்ந்து பாருங்கள். மேடை மட்டத்திலிருந்து ஒரு சாண் உயரம் வரை கல் கொஞ்சம் கறுத்து, ஈரம் பட்டாற்போல இருக்கும். அதற்கு மேலே சுண்ணாம்பு தடவியதுபோல வெள்ளைக் கோடு ஒன்று. ஊரில் இதை "உப்பு பூத்திருக்கு" என்பார்கள், மிகச் சரியான சொல். அந்தக் கோட்டில் விரலை வைத்து மெல்லத் தேய்த்தால் மாவுபோல மணி உதிரும். வீரனின் முழங்காலோ, அவன் காலடியில் வெட்டிய கடைசி வரியோ பெரும்பாலும் அந்த உயரத்தில்தான் இருக்கும். மேடை இல்லாமல் மண்ணில் நின்றபோது ஈரம் நாலாபக்கமும் மண் வழியே ஆவியாகிக்கொண்டிருந்தது. சிமென்ட் பூசி அடைத்ததும் அதற்குக் கல் ஒன்றே புகைபோக்கி. போதாக்குறைக்கு சிமென்டிலேயே கரையும் உப்புகள் உண்டு.

ஏற்கெனவே மேடை கட்டிவிட்டார்கள் என்றால் உளியும் சுத்தியலுமாக இறங்க வேண்டாம், அந்த அதிர்வில் கல்லே பிளக்கலாம். கல்லைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்கு மட்டும் சிமென்டைச் சிறிது சிறிதாக எடுத்து, அந்த இடைவெளியில் சல்லியும் ஆற்று மணலும் நிரப்பினால் பாதிப் பிரச்சினை தீரும். தொல்லியல் துறை ஆளோ பயிற்சி பெற்ற பாதுகாப்பு வல்லுநரோ பக்கத்தில் இருக்கும்போது செய்ய வேண்டிய வேலை இது. புதிதாக நிறுத்துவதானால் சிமென்ட் வேண்டவே வேண்டாம். கல்லின் மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள், குழியின் அடியில் அரை அடிச் சல்லி, சுற்றிலும் மணலும் செங்கல் ஜல்லியும் இடித்துக் கெட்டிப்படுத்தி, மேல்மண்ணைக் கல்லிலிருந்து வெளிப்பக்கம் சரிவாக விட்டால் போதும்.

தண்ணீரைப் பற்றி நம் முன்னோர் என்ன நினைத்தார்கள் என்பதற்குக் குகைத்தளங்களே சாட்சி. அடுத்தமுறை சமணர் படுக்கை, அதாவது சமணத் துறவிகளுக்காகக் குகைப் பாறையில் வெட்டிய படுக்கை, பார்க்கப் போகும்போது படுக்கையைப் பார்ப்பதற்கு முன் தலையை உயர்த்துங்கள். பாறையின் முகப்பில், புருவம்போல, நீளவாக்கில் ஒரு வெட்டு ஓடும். அதுதான் காடி. மேலே பெய்யும் மழை பாறையோடு ஒட்டிக்கொண்டு உள்ளே வழியாமல், அந்த விளிம்பில் அறுந்து வெளியே சொட்டுவதற்காக வெட்டியது. தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டுகள் பலவும் இந்தக் காடியை ஒட்டித்தான் இருக்கின்றன. காடியின் விளிம்பு ஓர் அங்குலம் உடைந்தால்கூடப் போதும், அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் உள்ளே திரும்பும். கறுப்புத் தாரை ஒன்று எழுத்தின் மேல் இறங்கத் தொடங்கும். பாறை உச்சியில் முளைக்கும் ஆலங்கன்றும் அரசங்கன்றும் இதே வேலையைச் செய்யும். கன்றைப் பிடுங்கக் கூடாது, வேரோடு பாறைச் செதிலும் வரும். தரையோடு வெட்டி, துளிர்க்கத் துளிர்க்க வெட்டிக்கொண்டே வர வேண்டும்.

நெருப்பு அடுத்தது. கல் உடைப்பவர்களுக்கு இது பழைய பாடம்: வெடிமருந்து வருவதற்கு முன் பாறையின் மேல் விறகடுக்கித் தீ மூட்டித்தான் பலகை பலகையாகப் பெயர்த்தார்கள். கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸ் 573 டிகிரி செல்சியஸில் தன் அமைப்பையே மாற்றிக்கொண்டு சட்டென்று வீங்கும். அவ்வளவு சூடு ஏறாவிட்டாலும், ஒரு பக்கம் மட்டும் காய்ந்து மறுபக்கம் குளிர்ந்திருப்பதே தோல் உரிவதற்குப் போதும். போகிக் குப்பையை மைல்கல்லின் மேல் சாய்த்துக் கொளுத்துவது, கல்லின் மேலேயே கட்டிக் கற்பூரம் ஏற்றுவது எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். நடுகல் வழிபாட்டை நிறுத்தச் சொல்வது எங்கள் வேலை அல்ல. அந்த வழிபாடு இருந்ததால்தான் பல கற்கள் அஸ்திவாரத்துக்குள் போகாமல் தப்பின. கல்லுக்கு முன்னால் இரண்டடி தள்ளி ஒரு பலகைக்கல் போட்டு விளக்கு, சூடம், எண்ணெய்க் காப்பு எல்லாவற்றையும் அதில் வைத்துக்கொள்ளலாம் என்று பூசாரியிடம் பேசிப் பார்த்தால் பல ஊர்களில் ஒத்துக்கொள்கிறார்கள்.

பெயின்ட் விஷயத்தில் மட்டும் எங்களுக்குப் பொறுமை கிடையாது. எனாமலும் எமல்ஷனும் கல்லின் மூச்சை அடைக்கும், பின்னால் உப்பு பூத்து பெயின்ட் உரியும்போது கல்லின் தோலும் சேர்ந்தே உரியும். அதைவிடப் பெரிய தீங்கு, எழுத்துக்குள் வெள்ளை பெயின்ட் தீட்டி "தெளிவாக்குவது". இடைக்காலத் தமிழ்க் கல்வெட்டில் ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவம். பெரும்பாலும் புள்ளி இருக்காது, எகர ஏகார வேறுபாடும் இருக்காது. சமணமலையில் இருப்பது போன்ற வட்டெழுத்தில், அதாவது வளைவு வளைவான பழைய தமிழ் எழுத்தில், பகரம், மகரம், வகரம், யகரம் ஒன்றையொன்று பார்த்து எழுதியதுபோல இருக்கும். பெயின்டர் ஒரு பாறை விரிசலைக் கோடு என்று நினைத்துத் தீட்டிவிட்டால், அப்புறம் வருகிறவர் படிப்பது பெயின்டரின் கல்வெட்டைத்தான். மாங்குளம் கல்வெட்டு 1882இலேயே கண்ணில் பட்டது. அது தமிழ் என்று கல்வெட்டு அறிஞர் கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் சொல்லும்வரை நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரை இன்னொரு கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் அடையாளம் கண்டது 1960களில். இத்தனை பேரும் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க, வெட்டியபடியே எழுத்து இருந்தது. எண்பது வருஷத்து வாசிப்பை ஒரு டப்பா பெயின்ட் முதல் வாரத்திலேயே முடித்துவைத்திருக்கும்.

பழைய சுண்ணாம்பு வெள்ளை அப்படியல்ல. அது மூச்சு விடும், கீழே இருப்பதைக் காப்பாற்றியும் வைத்திருக்கும். அதை எடுக்க அவசரப்பட வேண்டியதில்லை.

சரி, கழுவியே ஆக வேண்டும் என்றால்? முதலில் விரலால் தேய்த்துப் பாருங்கள், மணி உதிர்ந்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். அடுத்து விரல் முட்டியால் அங்கங்கே தட்டுங்கள். கல் "டக்" என்று சொல்ல வேண்டும். "டொப்" என்று பொத்தலாகக் கேட்டால் தோல் விட்டுவிட்டது, தண்ணீர் படவே கூடாது. இரண்டிலும் தேறினால், விடிகாலையில் கல் சூடேறுவதற்கு முன் வேலையை முடிக்க வேண்டும். போர் தண்ணீர் வேண்டாம். நம் பக்கத்துப் போர் தண்ணீர் பாத்திரத்தில் எப்படி வெள்ளை கட்டுகிறதோ அப்படித்தான் கல்லிலும் கட்டும். மழைத் தண்ணீர் அல்லது கேன் தண்ணீர், மூன்றடிக் கல்லுக்கு நான்கைந்து லிட்டர் தாராளம். செடிக்கு அடிக்கும் கைத்தெளிப்பானால் கீழிருந்து மேலாக நனையுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த கல்லில் தாரை தாரையாக இறங்கிக் கறையாகும். மென்மையான நைலான் பிரஷால் வட்டமாக, அழுத்தாமல். எழுத்துக்குள் இறுகிய மண்ணை ஊறவிட்டு மூங்கில் சீவலால் நெம்பலாம். ஆணி, ஊக்கு, ஸ்க்ரூடிரைவர் கூடாது. கடைசியாக மேலிருந்து கீழாக அலசி விட்டுவிடுங்கள்.

ஆசிட், பிளீச்சிங் பவுடர், சோப்புத்தூள் எதுவும் ஆகாது. ஆசிட் கருங்கல்லில் உள்ள இரும்புச்சத்தைக் கிளறி மஞ்சளும் பழுப்புமாகக் கறை போடும், அலசினாலும் உப்பை உள்ளே விட்டுப் போகும். விளக்குத் தேய்க்கும் புளியும் எலுமிச்சையும்கூட ஆசிட்தான். பழைய சர்ச், கல்லறை, பள்ளிச் சுவர்களில் பதித்த பளிங்குப் பலகைகளில் புளி பட்டால் மெருகு போகும், நாளடைவில் எழுத்தும் மழுங்கும். மணல் பீய்ச்சும் மெஷினைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: ஆயிரம் வருஷ உளிவேலையின் கூர்மை ஒரு மத்தியானத்தில் போய்விடும். பாறையில் ஒட்டிய சாம்பல் நிறப் பாசியைச் சுரண்டாதீர்கள், எழுத்து தெரிகிறது என்றால் அது இருந்துவிட்டுப் போகட்டும்.

எழுத்து மங்கலாக இருக்கிறதே என்று சாக்பீஸ், மைதா, விபூதி பூசிப் படம் எடுப்பது இன்னும் நடக்கிறது. அதற்கு வெளிச்சமே போதும். இருட்டியபின் ஒரு டார்ச்சைக் கல்லின் ஓரத்தில், முகத்தோடு முகமாகப் படுக்கவைத்தாற்போலப் பிடியுங்கள். ஒவ்வொரு வெட்டும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். டார்ச்சை இடது, வலது, மேல், கீழ் என்று நான்கு பக்கமும் மாற்றி மாற்றி எடுங்கள். இடமிருந்து வரும் ஒளியில் மறையும் கோடு மேலிருந்து வரும் ஒளியில் தெரியும். ஒரு படத்தில் அளவுகோல் இருக்கட்டும், ஒரு படம் சுற்றுப்புறத்தோடு இருக்கட்டும். மைப்படி எடுப்பதைப் பயிற்சி இல்லாமல் தொடாதீர்கள். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷால் அடித்து எழுத்துக்குள் இறக்கி, பாதி காய்ந்த பிறகு மை ஒற்றுவது பார்க்க எளிது. ஆனால் தாள் ஓரிடத்தில் கிழிந்தாலும் மை கல்லுக்குள் இறங்கிவிடும்.

புதிதாக ஒரு கல் கண்ணில் பட்டால் அதை எடுத்துக் கோயில் வாசலில் வைத்துவிட வேண்டும் என்று தோன்றும். வேண்டாம். ஆண்டிபட்டி வட்டாரத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகல் ஒன்றில் "கூடல் ஊர் ஆகோள்" என்று இருக்கிறது, கூடலூரில் நடந்த ஆநிரை கவர்தலில் விழுந்தவன் பெயரோடு. அப்படிப்பட்ட கல் எந்தத் திசை பார்த்து, எந்த மண்ணில், எதன் பக்கத்தில் நின்றது என்பதும் கல்வெட்டின் பாதி. கிராம நிர்வாக அலுவலருக்கும் தாசில்தாருக்கும் எழுத்தில் கொடுங்கள், ஒரு நகல் தொல்லியல் துறைக்கு. ஊர், புல எண், கண்மாய் அல்லது ஓடையின் பெயர், கைபேசி காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை, நீள அகலம், எழுத்து எந்தத் திசை பார்க்கிறது, நான்கு படங்கள். இவ்வளவும் இருந்தால் மனு மூலையில் கிடக்காது. மண்ணைத் தோண்டும்போது கிடைத்த பொருளென்றால் 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குச் சொல்வது கட்டாயம், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தாலே போதும். ஒன்றிய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னமானால் 100 மீட்டருக்குள் கட்டடம் எழுப்பத் தடை, அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்க வேண்டும். கிறுக்கினால் இரண்டு வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் விழலாம்.

கடைசியாகப் பெயர்ப்பலகை, ஊர் இளைஞர்கள் உடனே செய்யத் துடிக்கும் வேலை. தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் பாறையில் துளை போட்டு மாட்டாதீர்கள். அந்த இரும்பு போல்ட் துருப்பிடித்துப் பல மடங்கு வீங்கிப் பாறையைப் பிளக்கும். எட்டடி பத்தடி தள்ளித் தனிக்காலில் நிறுத்துங்கள், கால் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். பலகையின் முகம் வடக்குப் பார்க்கட்டும். தெற்கும் மேற்கும் பார்த்த பிளெக்ஸ் நம் வெயிலில் இரண்டு கோடைக்குள் வெளுத்துவிடும். பணம் இருந்தால் எழுத்தைக் கருங்கல்லிலேயே வெட்டிவிடலாம். எழுதும்போது எல்லாவற்றுக்கும் "2000 ஆண்டுப் பழமை" என்று போட வேண்டாம். கல்வெட்டின் வாசகம் வெட்டியுள்ளபடி ஒரு வரி, இன்றைய தமிழில் ஒரு வரி, எந்த நூற்றாண்டு, யார் பாதுகாப்பில் உள்ளது. அதற்குக் கீழே ஊர்க்காரர்கள் அந்த இடத்தை அழைக்கும் பெயர், அது பஞ்சபாண்டவர் படுக்கை என்றாலும் சரி, செட்டிப்புடவு என்றாலும் சரி.