சொல் விளக்கம்: ஸ்கேலபிலிட்டி என்னும் அளவேற்றத் தகைமை

மென்பொருள் குறித்த தமிழ்க் கட்டுரைகளில் ‘அளவிடக்கூடிய கட்டமைப்பு’ என்ற தொடர் அடிக்கடி கண்ணில் படுகிறது. ஸ்கேலபிள் என்ற சொல்லுக்கு நிகராக அதை வைக்கிறார்கள். அளவிடக்கூடியது என்றால் படியாலோ கோலாலோ அளந்து பார்க்க முடிவது என்றுதான் தமிழில் பொருள். சொல்ல வந்ததோ வேறு: கணினிச் செயலியின் (புராசசர்) ஒரு கருவில் (கோர்) ஓடும் மென்பொருளுக்கு எட்டுக் கருக்களைக் கொடுத்தால், அதன் வேகமும் அதற்கு ஈடாகக் கூடுமா என்பதே அங்கே கேள்வி. இந்தப் பிழைக்கு வேர் ஆங்கிலச் சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது.

ஸ்கேல் என்று ஒரே ஒலியில் வழங்குபவை உண்மையில் வெவ்வேறு சொற்கள். தராசைக் குறிக்கும் ஸ்கேல், கிண்ணம் என்று பொருள்படும் பழைய நார்ஸ் மொழிச் சொல்லிலிருந்து வந்தது. தராசுத் தட்டுதான் அந்தக் கிண்ணம். நாம் பேசும் ஸ்கேலோ, ஏணியையும் படிக்கட்டையும் குறிக்கும் ‘ஸ்காலா’ என்ற இலத்தீன் சொல்லின் வழி வந்தது. அதற்கும் அடி, ஏறுதல் என்ற பொருளுடைய ‘ஸ்காண்டெரே’ என்ற வினை. ஏணியின் படிகள் சம இடைவெளியில் இருப்பதால் கோடு கிழித்த அளவுகோலுக்கும், நிலப்படத்தின் அளவுக்கும் அந்தப் பெயர் பரவியது. ஸ்கேலபிள் என்பது முதலில் மதிலைப் போல ‘ஏறத்தக்கது’ என்பதையே குறித்தது. மதிலை முற்றுகையிடுவதற்கு உழிஞை என்று ஒரு திணையே வகுத்த மொழிக்கு இந்தப் பொருள் புதிதன்று. மொழிபெயர்த்தவர்கள் ஏணியை விட்டுவிட்டு அளவுகோலைப் பிடித்துக்கொண்டார்கள், அதுதான் நேர்ந்தது.

ஆகவே தமிழ்ச் சொல் ‘ஏறு’ என்ற வினையிலிருந்து பிறக்க வேண்டும் என்பது என் துணிபு. சேலத்துக்காரர்களுக்கு ஏற்றம் என்றதும் சேர்வராயன் மலைப் பாதைதான் நினைவுக்கு வரும். அடிவாரத்தைத் தாண்டிய பேருந்து, எண்ணிட்ட இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஒவ்வொன்றாகக் கடந்து ஏற்காட்டை அடைகிறது. எஞ்சின் எவ்வளவு வலுவுள்ளதாக இருந்தாலும் ஒவ்வொரு வளைவிலும் வேகம் குறைந்தே தீரும். ‘அளவேற்றம்’ என்று சொன்னால் அளவும் வருகிறது, ஏறுவதன் உழைப்பும் வருகிறது. அந்தத் தன்மையை ‘அளவேற்றத் தகைமை’ எனலாம். இச்சொல்லுக்கு இன்னொரு வலிமையும் உண்டு. வெள்ளி விலையைப் பேசும்போது ஏறுமுகம், இறங்குமுகம் என்கிறோமே, அந்த இணை இங்கும் அப்படியே பொருந்துகிறது. கருக்களைக் கூட்டக் கூட்ட வேகம் ஏறுவதும், ஓரிடத்தில் நின்று இறங்கத் தொடங்குவதும் இத்துறையில் அன்றாடம் காண்பவை.

ஒற்றைக் கருவின் துடிப்பு வேகத்தை மேலும் கூட்டினால் வெப்பம் தாங்காது என்ற நிலை வந்தபின், 2005இல் இரட்டைக் கருச் செயலிகள் மேசைக் கணினிகளுக்கு வந்தன. ஆனால் பல செயலிகள் சேர்ந்து உழைத்தால் எவ்வளவு ஆதாயம் என்ற கேள்வியை, 1967ஆம் ஆண்டிலேயே கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் எழுப்பிவிட்டார். அவர் வாதத்தைச் சேலம் செவ்வாய்ப்பேட்டையின் வெள்ளிக் கொலுசுப் பட்டறை ஒன்றில் வைத்துப் பார்க்கலாம். ஓர் ஆள் தனியாகச் செய்தால் பத்து மணி நேரம் பிடிக்கும் வேலை என்று கொள்வோம். அதில் ஒரு மணி நேரம், இருக்கிற ஒரே உலையில் மூசையை வைத்து வெள்ளியை உருக்குவதற்கு. மீதி ஒன்பது மணி நேரம், வளையங்களைக் கோத்துப் பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பதற்கு. ஒன்பது பேர் உட்கார்ந்தால் ஒன்பது மணி நேர வேலை ஒரு மணி நேரத்தில் முடியும். உருக்கும் நேரத்தையும் சேர்த்தால் மொத்தம் இரண்டு மணி, அதாவது ஐந்து மடங்கு வேகம். தொண்ணூறு பேரை உட்கார வைத்தாலும் ஒன்பது மடங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். உலை ஒன்றாக இருக்கும்வரை பத்து மடங்கை எட்டவே முடியாது. மென்பொருளில் அந்த உலையின் இடத்தில் இருப்பது, ஒரு நேரத்தில் ஒரு கரு மட்டுமே செய்யக்கூடிய பகுதி. இதைத் ‘தொடர்பகுதி’ என்று வழங்கலாம். அது 5 விழுக்காடு என்றால், எத்தனை கருக்கள் சேர்ந்தாலும் உச்சவரம்பு இருபது மடங்குதான்.

1988இல் கணினி அறிவியலாளர் ஜான் கஸ்டாஃப்சன் இதன் மறுபக்கத்தைக் காட்டினார்: ஆட்கள் கூடினால் பட்டறைக்காரர் பெரிய ஆர்டரை எடுப்பார், உருக்கும் நேரம் பெரிதாக மாறாதபோது ஆதாயம் தொடர்ந்து பெருகும். ஆங்கிலத்தில் இவ்விரண்டையும் வலுவான அளவேற்றம், பலவீனமான அளவேற்றம் என்று பிரிக்கிறார்கள். அந்த அடைமொழிகள் எதையும் விளக்குவதில்லை. வேலை மாறாதிருப்பதை ‘நிலைவேலை அளவேற்றம்’ என்றும், வேலையும் கூடுவதை ‘வளர்வேலை அளவேற்றம்’ என்றும் சொன்னால் பெயரே பொருளைச் சொல்லிவிடும்.

ஆனால் ஆம்டாலின் வரைகோடு ஏறி மட்டமாகுமே தவிர இறங்காது. இறங்குமுகத்தைக் கணக்கில் கொண்டுவந்தவர் கணினித் திறன் ஆய்வாளர் நீல் குந்தர். 1993இல் அவர் முன்வைத்த விதியில் இரண்டு இழப்புகள் உண்டு. முதலாவது, உலைக்கு முன் வரிசையில் நிற்பதைப் போன்ற காத்திருப்பு. இரண்டாவது, ஒருவரோடு ஒருவர் ஒத்துப் பார்ப்பதற்கு ஆகும் நேரம். கொலுசு ஜோடியாகவே விற்கும். ஒரு காலுக்கு உரியதை ஒருவரும் மறுகாலுக்கு உரியதை மற்றொருவரும் செய்தால், எடையும் வேலைப்பாடும் ஒத்திருக்கின்றனவா என்று அடிக்கடி பக்கத்தில் வைத்துப் பார்த்தாக வேண்டும். எட்டுப் பேர் ஒவ்வொருவரும் மற்ற எல்லோரோடும் ஒத்துப் பார்ப்பதென்றால் 28 இணைகள். பதினாறு பேர் என்றால் 120 இணைகள். ஆள் இருமடங்கு, ஒத்துப்பார்ப்பு நான்கு மடங்குக்கும் மேல். கருக்களிலும் இதுவே நடக்கிறது: ஒரு கரு ஒரு மதிப்பை மாற்றினால், அதன் நகலைத் தம் கேச் நினைவகத்தில் (கருவுக்கு அருகிலுள்ள சிறிய, வேகமான நினைவகம்) வைத்திருக்கும் மற்றக் கருக்கள் பழையதைக் கைவிட்டுப் புதியதைப் பெற வேண்டும். முதல் இழப்பைக் ‘காத்திருப்பு இழப்பு’, இரண்டாவதை ‘ஒத்திசைவு இழப்பு’ என்று வழங்குவது தெளிவாக இருக்கும்.

ஒத்திசைவு இழப்பு எவ்வளவு சிறிதாக இருந்தாலும் போதும். காத்திருப்பின் கெழு 0.05, ஒத்திசைவின் கெழு 0.001 என்று வைத்துக் குந்தரின் விதிப்படி கணக்கிட்டால், 8 கருக்களில் வேகம் 5.69 மடங்கு, 16 கருக்களில் 8.04, 31 கருக்களில் 9.04 என ஏறி உச்சம் தொடுகிறது. 64 கருக்களில் 7.82 மடங்காக இறங்குகிறது. நான்கு மடங்கு விலை கொடுத்து வாங்கிய கருக்கள், பதினாறு கருக்கள் தந்ததைவிடக் குறைவாகவே தருகின்றன. அளவிடத்தக்கது என்ற சொல்லால் இந்த நிலையைச் சொல்லவே இயலாது. ‘31 கருக்களுக்கு மேல் அளவேற்றம் இறங்குமுகமாகிறது’ என்றால் யாருக்கும் புரியும்.

இதை முன்கூட்டி அறிவதற்குக் ‘கணிப்பு’ என்ற சொல்லே போதும். அது வெறும் ஊகத்தைக் குறிக்காமல், கணக்கிட்டுச் சொல்வதைக் குறிப்பது. அதே மென்பொருளை அதே பளுவோடு 1, 2, 4, 8 கருக்களில் ஓட்டி, ஒவ்வொன்றிலும் நொடிக்கு எத்தனை வேலை முடிந்தது என்று குறித்து, அந்தப் புள்ளிகளுக்குப் பொருந்தும் கெழுக்களைக் கண்டுபிடித்தால் மேற்கொண்டு வரைகோட்டை நீட்டலாம். நான்கு கருக்களோடு நிறுத்தியவர்கள் ஒத்திசைவு இழப்பைப் பெரும்பாலும் பார்த்திருக்கவே மாட்டார்கள், ஏனெனில் தொடக்கத்தில் அது மிகச் சிறியது. ஒரு கருவில் இரண்டு இழைகள் (த்ரெட்) ஓடுவதை இரண்டு கருக்களாக எண்ணுவதும் கணிப்பைக் கெடுக்கும்.

எழுத்தில் ஆள்வது இப்படி: ‘அளவேற்று’ வினை, ‘அளவேற்றம்’ தொழிற்பெயர், ‘அளவேற்றத்தக்க’ பெயரடை, ‘அளவேற்றத் தகைமை’ பண்புப்பெயர். பேச்சில் ‘இந்த மென்பொருள் பதினாறு கருக்கள் வரை ஈடுகொடுக்கும்’ என்றாலே சரியாக இருக்கும்.