ஜெர்மனியில் பொறியியல் படிப்பு: இலவசம் என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது?

நாமக்கல்லில் என் தங்கை, வங்கி வைப்புநிதிச் சீட்டுகளைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மகனுக்கு ஜெர்மனியில் மெக்கானிக்கல் முதுநிலைப் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. "படிப்பு இலவசம் என்றுதானே சொன்னீர்கள் அண்ணா? பிறகு எதற்கு இந்த 11,904 யூரோ? அது அவர்களுக்கா, நமக்கா?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்கு நேரான பதில் கிடைக்காததால்தான் பல குடும்பங்கள் தொகையைப் பார்த்ததும் பயந்து பின்வாங்குகின்றன. வேறு பலர் தரகர்களிடம் போய் மாட்டிக்கொள்கிறார்கள். விதிகள் ஒன்றும் மறைபொருள் அல்ல. ஆனால் அவை ஐந்தாறு இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் தெரிந்தவரை இங்கே ஒன்றாகச் சொல்கிறேன்.

முதலில் கட்டணம். ஜெர்மனியில் கல்வி மாநில அரசுகளின் பொறுப்பு. மொத்தம் 16 மாநிலங்கள். அரசுப் பல்கலைக்கழகங்கள் வரிப்பணத்தில் நடக்கின்றன. 2006-ஐ ஒட்டிச் சில மாநிலங்கள் செமஸ்டருக்கு 500 யூரோ வரை வசூலிக்கத் தொடங்கின. எதிர்ப்பு வலுத்ததால் ஒவ்வொரு மாநிலமாகக் கைவிட்டன. கடைசியாக 2014-இல் லோயர் சாக்சனி மாநிலமும் நிறுத்தியது. உள்நாட்டு மாணவருக்குக் கட்டணம் இல்லை என்றால் வெளிநாட்டு மாணவருக்கும் இல்லை என்பதே இன்றும் பெரும்பாலான மாநிலங்களில் நடைமுறை.

விலக்குகள் இருக்கின்றன, அவற்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 குளிர்காலச் செமஸ்டரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ போன்ற பொறியியலுக்குப் பெயர்போன ஊர்கள் அந்த மாநிலத்தில்தான் இருக்கின்றன. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்காலச் செமஸ்டரிலிருந்து இளநிலைக்கு 2,000 முதல் 3,000 யூரோ, முதுநிலைக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை ஒவ்வொரு செமஸ்டருக்கும் கேட்கிறது. ஆகவே "ஜெர்மனி முழுக்க இலவசம்" என்று யாராவது சொன்னால், எந்த மாநிலம், எந்தப் பல்கலைக்கழகம் என்று திருப்பிக் கேளுங்கள். ஆகன், டிரெஸ்டன், டார்ம்ஸ்டாட், பிரவுன்ஷ்வைக், ஹனோவர், பெர்லின் நகரங்களின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களில் வழக்கமான முதுநிலைப் படிப்புகளுக்குக் கல்விக் கட்டணம் இல்லை. செமஸ்டர் பங்களிப்பு என்று ஒரு தொகை மட்டும் எல்லோரும் கட்ட வேண்டும். ஊருக்கு ஊர் மாறினாலும் பொதுவாக 100 முதல் 400 யூரோவுக்குள் அடங்கும். பல இடங்களில் பஸ், ரயில் பயணச்சீட்டும் அதற்குள்ளேயே சேர்ந்துவிடும்.

தனியார் கல்வி நிறுவனங்களின் கதை வேறு. அவை ஆண்டுக்கு 10,000 யூரோவுக்கு மேலும் கேட்கும். நாங்கள் முதலில் போன ஆலோசனை நிறுவனம் நீட்டிய பட்டியலில் ஐந்தில் நான்கு இப்படிப்பட்டவை. ஏன் என்று விசாரித்தபோதுதான் புரிந்தது: சேர்த்துவிடும் ஒவ்வொரு மாணவருக்கும் தனியார் நிறுவனங்கள் தரகு தருகின்றன. அரசுப் பல்கலைக்கழகம் தருவதில்லை. அதற்கு மாணவரே நேரடியாக விண்ணப்பித்துவிடலாம், இடையில் ஆளே தேவையில்லை.

இனி அந்த 11,904 யூரோ. இது கட்டணம் அல்ல, மாணவரின் சொந்தப் பணம். "இங்கே வந்த பிறகு சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் உங்களிடம் வழி இருக்கிறது என்று காட்டுங்கள்" என்பதுதான் ஜெர்மன் குடியிருப்புச் சட்டத்தின் நிபந்தனை. அதற்கான வழக்கமான சான்று பிளாக்டு அக்கவுண்ட், அதாவது பூட்டிய கணக்கு. ஓராண்டுக்கான தொகையை மாணவரின் பெயரிலேயே அதில் போட்டுவிட வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்ததும் மாதம் 992 யூரோ வீதம் திறந்துவிடுவார்கள். ஒரே மூச்சில் எடுக்க முடியாது, அவ்வளவுதான் பூட்டு. இந்த 992 என்பது ஜெர்மன் அரசு தன் சொந்த மாணவர்களுக்குத் தரும் கல்வி உதவியின் உச்ச அளவோடு பிணைந்த எண். அது உயரும்போது இதுவும் உயரும். 2023-இல் மாதம் 934 யூரோவாக இருந்தது, 2024 செப்டம்பரிலிருந்து 992 ஆனது. விண்ணப்பிக்கும் நாளில் என்ன அளவு என்பதைத் தூதரகத்தின் இணையதளத்தில் பார்த்த பிறகே பணம் அனுப்ப வேண்டும். விசா மறுக்கப்பட்டால் மறுப்புக் கடிதத்தைக் காட்டி முழுத்தொகையையும் திரும்பப் பெறலாம். கணக்கு வைத்திருக்கும் நிறுவனத்தின் சேவைக் கட்டணம் மட்டும் பிடித்தமாகலாம்.

இதையெல்லாம் சொன்ன பிறகுதான் தங்கையின் முகம் தெளிந்தது. அவள் மகன் போன இரண்டாம் மாதம், கணக்கில் 992 வரவு வைக்கப்பட்ட பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினான். அதன் கீழேயே விடுதி வாடகையும் மருத்துவக் காப்பீடும் கழிந்திருந்தன. மிச்சத்தில் அரிசி, பருப்பு, ஒரு குளிர்கோட்டு.

ஒரு யூரோ 100 ரூபாயை ஒட்டி நிற்கும்போது இது ஏறத்தாழ 12 லட்சம் ரூபாய். சிறிய தொகை என்று யாரும் சொல்ல முடியாது. இங்கே இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு நிதியாண்டில் ஒருவர் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் வெளிநாட்டுக்கு அனுப்பினால், அதற்கு மேற்பட்ட தொகைக்கு வங்கி அங்கேயே வரி பிடித்துக்கொள்ளும். வங்கியில் வாங்கிய கல்விக் கடனிலிருந்து அனுப்பினால் இந்தப் பிடித்தம் கிடையாது. பிடிக்கப்பட்ட வரி அனுப்பியவரின் பான் எண்ணில் ஏறும். வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது சரிக்கட்டலாம், கூடுதலாக இருந்தால் திரும்பப் பெறலாம். இது தெரியாமல் "வங்கி எடுத்துக்கொண்டது" என்று விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள்.

பூட்டிய கணக்குக்கு மாற்றும் உண்டு. அங்கீகரிக்கப்பட்ட கல்வி உதவித்தொகையைக் காட்டலாம். அல்லது ஜெர்மனியில் வசிக்கும் ஒருவர், அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் "இவருடைய செலவை நான் ஏற்கிறேன்" என்று சட்டப்படி உறுதிமொழி எழுதித் தரலாம். நம் பக்கத்தில் மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை இருக்கிறது. பட்டியல் சாதியினர், சீர்மரபினர் மற்றும் நாடோடிச் சமூகத்தினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், மரபுவழிக் கைவினைஞர் குடும்பத்தினர் ஆகியோருக்கானது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள்ளும் வயது 35-க்குள்ளும் இருக்க வேண்டும், அதற்கு முந்தைய பட்டப் படிப்பில் 60 சதவீத மதிப்பெண் வேண்டும். முதுநிலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் கிடைக்கும். ஆண்டுக்கு 125 பேருக்குத்தான் என்றாலும், தகுதி உள்ளவர்கள் விண்ணப்பிக்காமல் விடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

அடுத்தது ஏ.பி.எஸ். சான்றிதழ். இந்தியாவில் படித்த மாணவர்களுக்கு 2022 நவம்பர் 1 முதல் இது கட்டாயம். டெல்லியில் இயங்கும் ஏ.பி.எஸ். என்ற கல்வி மதிப்பீட்டு மையம் உங்கள் சான்றிதழ்கள் உண்மையானவைதாமா, ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் சேரத் தகுதி உண்டா என்று சரிபார்த்துத் தருவது. கட்டணம் 18,000 ரூபாய். ஒருமுறை வாங்கினால் எத்தனை பல்கலைக்கழகத்துக்கும் அதையே பயன்படுத்தலாம். இறுதியாண்டில் படித்துக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். முனைவர் பட்ட ஆய்வுக்குப் போகிறவர்களுக்குத் தேவையில்லை. இலங்கையில் படித்தவர்களுக்கும் இந்த விதி பொருந்தாது. வாரக்கணக்கில் நேரம் பிடிக்கும் வேலை என்பதால் எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத் தொடங்க வேண்டும். குளிர்காலச் செமஸ்டருக்கு ஜூலை 15 என்பது பல பல்கலைக்கழகங்களின் கடைசி நாள். வெளிநாட்டு மாணவர்களுக்கு அதற்கும் முன்பே முடித்துவிடும் துறைகளும் உண்டு. மே மாதம் ஏ.பி.எஸ்.ஸைப் பற்றி யோசிக்கத் தொடங்கியவருக்கு அந்த ஆண்டு கைநழுவிப் போயிற்று என்றே பொருள்.

இடம் கிடைக்குமா என்பதைத் தீர்மானிக்கும் கணக்கு ஒன்று இருக்கிறது. ஜெர்மனியில் 1 என்பது மிகச் சிறந்த மதிப்பெண், 4 என்பது கடைசித் தேர்ச்சி. நம் மதிப்பெண்ணை அதற்கு மாற்ற பவேரியச் சூத்திரம் என்பதைப் பயன்படுத்துகிறார்கள். அதிகபட்சப் புள்ளியிலிருந்து உங்கள் புள்ளியைக் கழியுங்கள். அதிகபட்சத்திலிருந்து தேர்ச்சிக்கான குறைந்தபட்சப் புள்ளியையும் கழியுங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1-ஐக் கூட்டுங்கள். பத்துக்கு 7.8 வாங்கியவரை எடுத்துக்கொள்வோம். தேர்ச்சிப் புள்ளி 5 என்றால் அவருக்கு 2.32 வரும். தேர்ச்சிப் புள்ளி 6 என்றால் 2.65 ஆகிவிடும். பல துறைகள் 2.5-க்குள் கேட்கும் நிலையில், இந்த ஒரு எண்ணின் வித்தியாசத்தில் இடம் போய்விடும். என் மருமகனின் மதிப்பெண் சான்றில் தேர்ச்சிப் புள்ளி எங்கும் அச்சிடப்படவில்லை. தேர்வு அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்து, ஒரே ஒரு பக்கக் கடிதம் வாங்கினான். அந்தக் கடிதம் இல்லாதிருந்தால் அவன் விண்ணப்பம் முதல் சல்லடையிலேயே நின்றிருக்கும்.

மதிப்பெண் மட்டும் போதாது. இளநிலையில் என்ன படித்தீர்களோ அதன் தொடர்ச்சியாகவே முதுநிலையைப் பார்க்கிறார்கள். கணிதத்தில் இத்தனை கிரெடிட், இயக்கவியலில் இத்தனை என்று துறை வாரியாக நிபந்தனை வைத்திருப்பார்கள். ஐரோப்பியக் கணக்கில் ஓராண்டுப் படிப்பு 60 கிரெடிட், ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. சிவில் படித்துவிட்டுக் கணினி அறிவியலுக்கு விண்ணப்பித்தால், 9 புள்ளி வைத்திருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே பாடத்திட்டப் புத்தகத்தின் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பல பல்கலைக்கழகங்களின் விண்ணப்பங்களை பெர்லினில் உள்ள யூனி-அசிஸ்ட் என்ற பொது அமைப்பு பரிசோதிக்கிறது. ஒரு செமஸ்டரில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. மற்றவை நேரடியாக வாங்குகின்றன.

பிளஸ் டூ முடித்துவிட்டு நேராக இளநிலைக்குப் போக முடியுமா என்று கேட்பவர்கள் நிறையப் பேர். இந்தியப் பிளஸ் டூ மட்டும் போதாது. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேறியிருக்க வேண்டும், அல்லது இங்கே அதே துறையில் ஓராண்டை வெற்றிகரமாக முடித்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாதவர் அங்கே ஓராண்டு ஆயத்தக் கல்லூரியில், பொறியியலுக்கான தொழில்நுட்பப் பிரிவில் படித்துத் தேர்வெழுதலாம். இளநிலை வகுப்புகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான் நடக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

இனி வேலை. "பகுதிநேர வேலை பார்த்தே படித்துவிடலாம்" என்ற பேச்சை நம்பிக் கடன் கணக்குப் போடாதீர்கள். 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழுநாள் அல்லது 280 அரைநாள் வேலை பார்க்கலாம். முன்பு இது 120, 240 என்று இருந்தது. பாடம் நடக்கும் மாதங்களில் வாரம் 20 மணி நேரத்துக்குள் வேலை செய்தால் அந்த வாரத்துக்கு இரண்டரை நாள் என்று எண்ணுவார்கள். பல்கலைக்கழகத்திலேயே ஆய்வக உதவியாளராகப் பார்க்கும் வேலை இந்த எண்ணிக்கையில் சேராது, அதனால்தான் அதற்கு அவ்வளவு போட்டி. குறைந்தபட்ச ஊதியம் 2026 ஜனவரி முதல் மணிக்கு 13.90 யூரோ. சம்பளத்துக்கு இல்லாமல் சுயதொழிலாக வேலை செய்ய மாணவர் விசாவில் தனி அனுமதி வேண்டும். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையானாலும் ஒப்பந்தத்தில் ஊழியர் என்று இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

மருத்துவக் காப்பீடு இல்லாமல் பல்கலைக்கழகத்தில் பெயரே பதிய மாட்டார்கள். 30 வயதுக்குள் இருப்பவருக்குப் பொதுக் காப்பீட்டில் மாணவர் விகிதம், மாதம் 140 யூரோவைத் தாண்டும். மலிவாக இருக்கிறதே என்று தொடக்கத்தில் தனியார் காப்பீட்டை எடுத்து, பொதுக் காப்பீட்டிலிருந்து விலக்கு எழுதி வாங்கிவிட்டால், படிப்பு முடியும்வரை பொதுக் காப்பீட்டுக்குத் திரும்ப முடியாது. வீடு கிடைத்தவுடன் முகவரியை நகர அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவு இல்லாமல் மற்ற பல வேலைகள் நகராது.

பெற்றோருக்குத் தெரியவே தெரியாத ஒரு விதியை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு கட்டாயப் பாடத்தை மூன்று முறைதான் எழுதலாம். மூன்றாம் முறையும் தவறினால் பெயரை நீக்கிவிடுவார்கள், அதே படிப்பை நாட்டின் வேறு பல்கலைக்கழகத்தில் தொடர்வதும் பொதுவாக இயலாது. குடியிருப்பு அனுமதியே படிப்பைச் சார்ந்தது என்பதால் அதுவும் ஆட்டம் காணும். அரியர் வைத்துப் பிறகு எழுதிக்கொள்ளும் நம் பழக்கம் அங்கே செல்லாது. முதல் செமஸ்டரிலேயே இரவு வேலைக்குப் போய்த் தேர்வைக் கோட்டைவிடும் பிள்ளைகளை நினைத்தால் மனம் பதறுகிறது.

விசா மறுக்கப்பட்டால் "மறுபரிசீலனை செய்யுங்கள்" என்று தூதரகத்துக்குக் கட்டணமின்றி எழுதும் வழி முன்பு இருந்தது. 2025 ஜூலை 1 முதல் அதை நீக்கிவிட்டார்கள். இப்போது மறுக்கப்பட்டால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க வேண்டும். "ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்த ஊர்" என்று எழுதும் கடிதத்தை வேறொருவரின் கடிதத்திலிருந்து படியெடுக்காமல், மாணவரே தன் சொற்களில் எழுத வேண்டும்.

பட்டம் பெற்ற பிறகு வேலை தேட 18 மாதங்கள் தங்கலாம். அந்தக் காலத்தில் எந்த வேலையும் நேரக் கட்டுப்பாடின்றிப் பார்க்கலாம். படிப்புக்கேற்ற வேலை கிடைத்தால் ஐரோப்பிய நீல அட்டைக்கோ அதற்கிணையான பணி அனுமதிக்கோ மாறலாம். ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர் அப்படி இரண்டாண்டு வேலை பார்த்து, ஓய்வூதியப் பங்களிப்பும் கட்டியிருந்தால் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு ஜெர்மன் மொழியில் பி1 எனப்படும் இடைநிலைத் தேர்ச்சி வேண்டும். ஆங்கிலவழிப் படிப்புதானே என்று மொழியை ஒத்திப்போட்டவர்கள் 18 மாதங்களில் பெரும்பகுதியை மொழி வகுப்பிலேயே கழிக்கிறார்கள். ஏ.பி.எஸ். சான்றுக்குக் காத்திருக்கும் வாரங்களிலேயே ஜெர்மன் மொழி கற்பிக்கும் சென்னை மாக்ஸ் முல்லர் பவனிலோ, ஊரில் கிடைக்கும் நல்ல ஆசிரியரிடமோ ஏ1 என்ற தொடக்கநிலை வகுப்பில் சேர்ந்துவிடுங்கள்.