"இப்ப எங்க இருக்கீங்க?"

என்னிடம் கவுன்சலிங்குக்கு முதல்முறை வருகிறவர்களுக்கு ஒரு பக்கப் படிவம் ஒன்று கொடுப்பேன். பெயர், வயது, தொழில், தூக்கம் எப்படி, மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா, அவ்வளவுதான். போன வருடம் வந்த ஒருவர் (ஆள் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்) தொழில் என்ற இடத்தில் கம்பெனி பெயரை எழுதி, அதை அடித்துவிட்டு 'சாஃப்ட்வேர்' என்று எழுதி, அதையும் அடித்து, கடைசியில் ஒரு சின்னக் கோடு போட்டு நீட்டினார். நாற்பது வயது, சென்னை ஓஎம்ஆர் ஐடி கம்பெனிகளில் பதினாறு வருடம். வேலை போய் ஐந்து வாரம் ஆகியிருந்தது.

அதில் முதல் மூன்று வாரம் வீட்டில் யாருக்கும் தெரியாது. எட்டேகாலுக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாராம். லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, பைக்குள் டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலும்தான். நேராக கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். "என்ன படிச்சீங்க?" என்று கேட்டேன். "ஒண்ணும் படிக்கல மேடம், மணியப் பாத்துக்கிட்டு இருப்பேன்."

எனக்கு உடனே மரியன்தால் ஞாபகம் வந்தது. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஊர் அது. ஊருக்கே சோறு போட்ட ஜவுளி ஆலை 1930 வாக்கில் மூடிவிட, மாரி யகோதா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் என்ற மூன்று ஆய்வாளர்களும் கூட்டாளிகளுடன் அங்கே போய் மக்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்து 1933-ல் எழுதினார்கள். கையில் நேரம் கொட்டிக் கிடந்தது, ஆனால் ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துபோனது. ஆண்கள் தெருவில் மெதுவாக, நின்று நின்று நடந்தார்கள். கடிகாரம் எடுத்துப் போவதையே பலர் விட்டுவிட்டார்கள். பெண்கள் மட்டும் வேகமாக நடந்தார்கள், அடுப்பும் துணியும் பிள்ளைகளும் எங்கேயும் மூடிப் போகவில்லையே. (நம் ஊரில் அந்தப் பெண்களைக் கேட்டால் "வீட்டுல சும்மாதான் இருக்கேன்" என்பார்கள், அந்தச் 'சும்மா'வைப் பற்றித் தனியாக ஒரு நாள் கோபமாக எழுத வேண்டும்.)

சம்பளம் தவிர வேலை இன்னும் ஐந்து விஷயங்களைக் கொடுக்கிறது என்று யகோதா பின்னாளில் சொன்னார். நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், பலரோடு சேர்ந்து ஒன்றைச் செய்கிறோம் என்ற உணர்வு, ஊரில் ஒரு மதிப்பு, கை கால் அசைய ஒரு கட்டாயம். நம்மில் பலர் இந்த ஐந்தையும் ஒரே கடையில் அக்கவுண்ட் வைத்து வாங்குகிறோம். அந்தக் கடை ஷட்டரை இறக்கினால் அன்றைக்கு வீட்டில் உப்புகூட இருக்காது. அந்த நிலையில் இருப்பவரிடம் போய் "வேலை வேற, நீங்க வேற சார்" என்று சொன்னால் தலையாட்டுவார், ராத்திரி மூன்று மணிக்கு விழித்து உட்கார்ந்திருப்பார்.

இதற்கு அவர் மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் படிப்பையும் கம்பெனியையும் அச்சடிக்கிற ஊர் இது. தமிழ்நாடு அரசு வேலையில் ஓய்வு வயதை 2020-ல் 59 ஆக்கி, 2021-ல் 60 ஆக்கினார்கள், அதற்குப் பிறகும் வாசல் பலகையில் பதவியைப் பொறித்து 'ஓய்வு' என்ற சொல்லைப் பொடி எழுத்தில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். "எங்க இருக்கீங்க?" என்று ஒருவர் கேட்டால் எந்தத் தெரு என்றா சொல்கிறோம்?

வேலை போனால்தான் இது தெரியும் என்று இல்லை. மேனேஜர் எப்போதும் போடும் 'தேங்க்ஸ்' இல்லாமல் வெறும் 'ஓகே' என்று பதில் போட்டால் அன்று முழுக்கச் சாப்பாடு இறங்காதவர்களையும் பார்க்கிறேன். அப்ரைசலில் ஒரு படி குறைந்ததற்குச் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போகாதவர்கள் உண்டு, யாருக்கும் தெரியாத ரேட்டிங்தான், ஆனாலும்.

1954-ல் இருந்து புழக்கத்தில் இருக்கும் ஒரு எளிய பயிற்சி உண்டு. 'நான்' என்று தொடங்கி இருபது வரிகள் எழுத வேண்டும். இவர் ஒன்பதில் நின்றுவிட்டார். ஆறு வேலை பற்றியவை, ஏழாவது 'நான் இஎம்ஐ கட்டுகிறவன்'. ஐடி கார்டு இல்லாவிட்டாலும் நிற்கிற வரிகளுக்கு டிக் போடச் சொன்னேன், ரொம்ப நேரம் பார்த்துவிட்டு இரண்டே இரண்டுக்குப் போட்டார். அப்புறம், மூன்றாவது சந்திப்பில், பேச்சுவாக்கில் வந்தது: அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார், பத்தாவது வரை இவர்தான் பஞ்சர் ஒட்டியிருக்கிறார். ஒன்பது வரியில் அது இல்லவே இல்லை.

அதற்குப் பிறகு சனிக்கிழமை காலையில் அபார்ட்மென்ட் பிள்ளைகளின் சைக்கிள்களைக் கீழே கார் நிறுத்துமிடத்தில் வரிசையாகச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். டியூபைத் தண்ணீர் வாளியில் முக்கிக் குமிழி வரும் இடத்தைப் பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்வாராம். இரண்டே வாரத்தில் என்னிடம், "மேடம், இதையே யூடியூப் சேனல் ஆக்கலாமா?" என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். சப்ஸ்கிரைபர் கணக்கு வந்தால் அது இன்னொரு அப்ரைசல்.

இதனால் இஎம்ஐ குறையவில்லை. பணக் கஷ்டத்துக்குக் கவுன்சலிங்கில் மருந்து கிடையாது, அதற்கு நகையும் மாமனாரும் வேண்டியிருந்தது, வேலை கிடைக்க ஏழு மாதம் ஆனது, அதுவும் குறைந்த சம்பளத்துக்கு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டிருந்தாலோ, 'நான் இருந்து என்ன ஆகப்போகுது' என்ற நினைப்பு ஒரு தடவை வந்தால்கூடவோ, இருபது வரி எழுதிக்கொண்டு உட்கார வேண்டாம், மனநல மருத்துவரைப் பாருங்கள், அல்லது 14416-க்குக் கூப்பிடுங்கள். அது 2022-ல் தொடங்கிய டெலி மானஸ், இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

படிவத்தில் தொழில் என்ற வரியை நான் எடுக்கவில்லை. அந்த இடத்தில் பேனா எவ்வளவு நேரம் தயங்குகிறது என்பது எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது.

அவருக்கு வேலை கிடைப்பதற்கு ஒரு மாதம் முன்னால் மச்சினன் கல்யாணம் வந்தது. போக மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னார், பிறகு போனார். மண்டப வாசலில் சந்தனம் எடுக்கும்போதே ஒரு சித்தப்பா பிடித்துக்கொண்டாராம், "என்னப்பா, இப்ப எங்க இருக்க?"

"மேடவாக்கத்துலதான் சித்தப்பா, கூட்ரோட்டுப் பக்கத்துல."

சித்தப்பா ஒரு நொடி முழித்துவிட்டு, "அங்க தண்ணி எப்படி?" என்று கேட்டாராம்.