ஏலியாஸ்: பெயரின்றிப் பிறக்கும் நெடுவரிசைக்கு ஒரு பெயர்

விலையை அளவால் பெருக்கித் தரும்படி தரவுத்தளத்தைக் கேட்டால் விடை வந்துவிடும். அந்த விடை நிற்கும் நெடுவரிசைக்கு என்ன பெயர்? அட்டவணையில் விலை உண்டு, அளவு உண்டு. பெருக்கற்பலன் என்று எதுவும் இல்லை. தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியான வினவலில் கணக்கை எழுதி, ஏ, எஸ் என்ற ஈரெழுத்துச் சொல்லை இட்டு, பக்கத்தில் நாம் எழுதும் பெயரைத்தான், தரவுத்தளங்களிடம் கேட்பதற்கான எஸ்க்யூஎல் மொழியில் 'ஏலியாஸ்' என்கிறார்கள்.

சொல் இலத்தீனைச் சேர்ந்தது. 'வேறு' என்னும் அடியிலிருந்து பிறந்து, 'வேறொரு வேளையில்', 'வேறு விதத்தில்' என்று பொருள்பட்டது. ஆங்கிலேய நீதிமன்ற ஏடுகள் அதை ஒருவருடைய இரு பெயர்களுக்கு நடுவே வைத்தன. நம் செய்தித்தாள்களில் 'இன்னார் என்கிற இன்னார்' என்று வருகிறதே, அதே வேலைதான். கல்வெட்டுகளில் ஊரின் பழைய பெயரையும் புதுப்பெயரையும் இணைக்கும் 'ஆன' என்ற சொல்லும் இந்த இனமே.

தமிழில் 'மாற்றுப்பெயர்' என்று எழுதுகிறோம். இருக்கிற நெடுவரிசைக்கு வேறு பெயர் கொடுக்கும்போது அது பொருந்தும். கணக்கிட்டு வந்த நெடுவரிசைக்கோ முன்பெயரே இல்லை; எதை மாற்றுவது? 'புனைபெயர்' இன்னும் மோசம், அதில் ஒளிந்துகொள்ளும் எண்ணம் இருக்கிறது. என் கட்சி 'இடுபெயர்'. (நெடுவரிசையை 'நிரல்' என்றும் சொல்லலாம், கணினித் தமிழில் அந்தச் சொல் 'புரோகிராம்' என்பதற்குப் போய்விட்டதால் தவிர்க்கிறேன்.)

நாம் பெயர் இடாவிட்டால் பெரும்பாலும் தரவுத்தளமே ஒன்றை ஒட்டிவிடும். இதைத் 'தானமைபெயர்' எனலாம். இலக்கணம் சொல்லும் இடுகுறி, காரணம் என்ற பாகுபாடு இங்கே அழகாகப் பொருந்துகிறது. மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளம் நாம் எழுதிய கணக்கையே அப்படியே பெயராக்கும்: காரணப்பெயர். கூகுளின் தரவுத்தளமான பிக்குவெரி எஃப் என்ற எழுத்துடன் 0, 1 என எண் சேர்த்துக்கொண்டே போகும்: அசல் இடுகுறி. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. நெடுவரிசையின் மொத்தத்தைக் கூட்டித் தரும் 'சம்' போன்ற செயற்கூறு (ஃபங்ஷன்) என்றால் அதன் பெயரையே வைக்கும். வெறும் பெருக்கல் என்றால் 'நெடுவரிசை' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை இரு கேள்விக்குறிகளுக்கு நடுவே வைத்து நம்மையே திருப்பிக் கேட்கும். மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் பெயரே வைக்காது. அந்த வினவலை 'வியூ'வாக, அதாவது அட்டவணைபோலப் பயன்படுத்தும் வினவலாகச் சேமிக்கப் போனால் பெயர் எங்கே என்று மறுத்துவிடும். எனக்கு இந்தக் கண்டிப்புதான் பிடிக்கிறது.

ஏனென்றால் தானமைபெயரை நம்பி நிரல் எழுதுவது ஆபத்து. போஸ்ட்கிரெஸில் இரண்டு கூட்டுத்தொகைகளைக் கேட்டால் இரண்டுக்கும் ஒரே பெயர் வரும். விடையைப் பெயர்வாரியாக எடுத்துவைக்கும் நிரலில் பின்னது முன்னதை அழித்துவிடும். எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தின் ஆவணமோ, இடுபெயர் இல்லாத நெடுவரிசையின் பெயர் பதிப்புக்குப் பதிப்பு மாறலாம் என்றே எச்சரிக்கிறது.

இடுபெயரிலும் ஒரு பொறி உண்டு. பெரும்பாலான தரவுத்தளங்களில் அந்த ஈரெழுத்துச் சொல்லை விட்டுவிட்டும் பெயர் இடலாம். ஆகவே, விலை, அளவு என்று இரண்டைக் கேட்கும்போது நடுவிலிருக்கும் காற்புள்ளியை மறந்தால் பிழைச்செய்தி வராது. விலை மட்டும் வரும், 'அளவு' என்ற பெயரைச் சூடிக்கொண்டு.