தேங்காய்ப்பூவும் பூனையும்

திருவலையை எடுத்தாலே சில வீட்டுப் பூனைகள் காலடிக்கு வந்துவிடும். சிந்திய தேங்காய்ப்பூவை நக்கினால் பதற வேண்டாம். தேங்காய் பூனைக்கு நஞ்சில்லை.

இனிப்புக்காக அது வருவதும் இல்லை. நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பி இரண்டு புரதங்கள் சேர்ந்தது. அதில் ஒன்றுக்கான மரபணுவில் பூனைக்கு 247 டி.என்.ஏ. எழுத்துகள் காணாமல் போய்விட்டன. 2005இல் இதைக் கண்டுபிடித்தவர்கள் புலியிலும் அதே குறையைப் பார்த்தார்கள். ஆக, வட்டிலப்பமும் வெறுஞ்சோறும் இனிப்பு விஷயத்தில் பூனைக்கு ஒன்றுதான். மாசிக் கருவாடு போட்ட சம்பலுக்கு ஏன் ஓடி வருகிறது என்று சொல்லத் தேவையில்லை.

தேங்காய்ச் சதையில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. நகத்தளவு தின்றால் பரவாயில்லை, கூடினால் வயிற்றோட்டம். தலைப்பாலும் அப்படித்தான். தேங்காய் எண்ணெய் கொடுத்தால் உரோமம் மினுங்கும் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. பூனைக்குக் கட்டாயம் வேண்டிய அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பமிலம் இறைச்சியிலும் மீனிலும் முட்டையிலும் இருக்கிறது, தேங்காயில் இல்லை. நம் உடம்பு அதைத் தாவர எண்ணெயிலிருந்து செய்துகொள்ளும். பூனையின் ஈரலுக்கு அந்த வேலை சரியாக வராது.

தம்பிலி இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீர் அடைத்துக்கொண்ட கடுவனுக்கு ஏற்கெனவே இரத்தத்தில் பொட்டாசியம் தேங்கி இதயத்துடிப்பைக் குழப்பும். அந்த நேரத்தில் 'குளிர்ச்சி' என்று தம்பிலி பருக்குவது ஆபத்து.

ஆனால் கொழும்புச் சமையலறையில் தேங்காய் தனியாக எங்கே இருக்கிறது? சம்பலிலும் சொதியிலும் வெங்காயம் இருக்கும். பயப்பட வேண்டியது அதற்குத்தான். வெங்காயத்தின் கந்தகச் சேர்மங்கள் சிவப்பணுவுக்குள் போய் ஹீமோகுளோபினை ஆக்சிஜனேற்றம் செய்கின்றன. அவை எளிதில் தாக்கக்கூடிய இடங்கள் மனித ஹீமோகுளோபினில் 2, நாயில் 4, பூனையில் 8. தாக்கப்பட்ட ஹீமோகுளோபின் கட்டிபட்டு அணுவின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும்; அப்புறம் அந்த அணு உடைந்துபோகும். காய்ச்சினாலும் வதக்கினாலும் நச்சு போகாது. உடல் எடையில் கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே கெடுதி செய்யும் என்பது கணக்கு. 4 கிலோ பூனைக்கு 20 கிராம், அதாவது இரண்டு மூன்று சின்ன வெங்காயம். உள்ளி, அதாவது பூண்டு, இன்னும் கடுமை.

தின்ற அன்றைக்கே ஒன்றும் தெரியாமல் போகலாம். சில நாள் கழித்துப் பூனை சோர்ந்து, பல்முரசு வெளிறி, சிறுநீர் செம்பழுப்பாகப் போனால் உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். போன கிழமை சம்பல் தின்றதையும் மறக்காமல் சொல்லுங்கள். அதைக் கேட்டால்தான் இரத்தத்தை அந்தக் கோணத்தில் பார்ப்பார்.